வெட்டும் முன் அளத்தல்: அசைவூட்டக் கூடங்களில் கணிப்பொறிப் படத்தொகுப்பு

மும்பை மாநகரில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் சயானும் ஒன்று. 1932இல் நிறுவப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1960இல் இங்கு ஒரு கல்லூரியைத் தொடங்கியது. சயான் நிலையத்தில் புறநகர் ரயிலேறி, தாதரில் மாறி, அந்தேரி, கோரேகாவ், மாலாடு ஆகிய இடங்களிலுள்ள அசைவூட்டக் கூடங்களில் வேலை தேடிச் செல்ல விரும்பும் இளைஞர்கள் பலர். பயிற்சிக் கட்டணம் செலுத்தும் மாணவருக்கும், சிறு கூடம் ஒன்றிற்குக் கடன் வழங்கப் பரிசீலிக்கும் அதிகாரிக்கும் எழும் வினா ஒன்றே: பணம் எதற்குச் செலவிடப்பட வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண, படத்தொகுப்பு என்னும் பணி கணிப்பொறியில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிதல் இன்றியமையாதது.

கத்தரியிலிருந்து கணிப்பொறிக்கு

மும்பையில் இத்தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. மத்திய அரசின் திரைப்படப் பிரிவு 1956இல் இங்குக் கார்ட்டூன் படப் பகுதி ஒன்றை அமைத்தது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் இந்தியக் கலைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியாகப் பின்னர்ப் போற்றப்பட்ட ராம் மோகன் அப்பகுதியில் உருவானவர்.

அக்காலத்தில் படத்தொகுப்பு என்பது படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டுவதாகும். பின்னர் வந்த வீடியோ நாடா முறையில், ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றிற்குக் காட்சிகளை வரிசையாகப் படியெடுக்க வேண்டும். நடுவில் ஒரு காட்சியின் நீளத்தை மாற்றினால், அதற்குப் பின்னுள்ளவற்றைப் பெரும்பாலும் மீண்டும் படியெடுக்க நேரும். 1989இல் வெளிவந்த ஆவிட் போன்ற கணிப்பொறிக் கருவிகள் இந்நிலையை மாற்றின. இந்தியத் திரைப்படங்களுள் ஆவிட் கருவியை முதலில் பயன்படுத்தியதாகக் குறிப்பிடப்படுவது, 1994இல் வெளிவந்த ‘மகாநதி’ என்னும் தமிழ்ப் படமாகும்.

இம்முறையில் மூலப்படம் வெட்டப்படுவதே இல்லை. எந்தக் காட்சி, எந்தப் படச்சட்டம் முதல் எந்தப் படச்சட்டம் வரை என்னும் குறிப்பு மட்டுமே பதிவாகிறது. இக்குறிப்புகளின் தொகுப்பே வெட்டுப் பட்டியல். ஒவ்வொரு படச்சட்டத்திற்கும் உரிய நேரக் குறியீடு அதன் முகவரியாக அமைகிறது.

எண்களின் சுமை

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. 2,048 புள்ளி அகலமும் 1,556 புள்ளி உயரமும் கொண்ட, சுருக்கப்படாத ஒரு படச்சட்டம் ஏறத்தாழ 12.7 மெகாபைட் இடம் கொள்ளும். ஆகவே ஒரு வினாடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேலும், ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 18 கிகாபைட்டும் தேவைப்படும். அகலமும் உயரமும் இரு மடங்கானால் இச்சுமை நான்கு மடங்காகும்.

சாதாரண ஒரு கிகாபிட் வலையமைப்பின் வழியே வினாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. விலையுயர்ந்த கணிப்பொறியை வாங்கிவிட்டு வலையமைப்பைக் கவனியாத கூடத்தில் கலைஞர்கள் காத்திருக்க நேர்வதன் காரணம் இதுவே.

இச்சுமையைத் தவிர்க்கும் வழியைத் தாராவியின் தையற்கூடங்களைக் கண்டவர் எளிதில் உணர்வர். துணியில் கத்தரி வைக்குமுன் காகிதத்தில் மாதிரி வெட்டி அளவு பார்ப்பது அத்தொழிலின் வழக்கம். அதுபோல, பெரிய மூலப்படத்திலிருந்து ‘பிராக்சி’ எனப்படும் எடை குறைந்த நகலைத் தயாரித்து, படத்தொகுப்பாளர் அதில் பணியாற்றுகிறார். முடிவு உறுதியான பின், வெட்டுப் பட்டியலின்படி மூலப்படம் பொருத்தப்படுகிறது. நகலுக்கும் மூலத்திற்கும் நேரக் குறியீடு ஒன்றாக இருந்தால்தான் இது கைகூடும்.

முதலில் தொகுப்பு, பின்னர் வரைவு

நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படத்தில் தேவைக்கு மேல் படம்பிடித்து, வேண்டாதவற்றை நீக்குவர். அசைவூட்டத்தில் அது கட்டுப்படியாகாது. வினாடிக்கு 12 ஓவியங்கள் என்று கொண்டாலும், ஒரு நிமிடத்திற்கு 720 ஓவியங்கள் தேவை. ஆகவே, கோட்டோவியங்களை ஒலியுடன் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு காட்சியின் நீளமும் முன்னரே தீர்மானிக்கப்படுகிறது. இங்குப் படத்தொகுப்பு பணியின் தொடக்கமாகிறது.

காட்சி விளைவுப் பணியிலும் இதே ஒழுங்கு வேண்டும். படத்தொகுப்பாளர் தேர்ந்த ஷாட், இருபுறமும் சில கூடுதல் படச்சட்டங்களுடன் கலைஞர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒருவர் உருவங்களின் விளிம்பைப் பிரிக்கிறார், மற்றவர் கேமராவின் அசைவைக் கணக்கிடுகிறார், வேறொருவர் ஒளியமைக்கிறார், இறுதியில் அனைத்தும் ஒன்றிணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு திருத்தமும் புதிய எண் பெற்றுத் தொகுப்பிற்குத் திரும்புகிறது. எண் தவறினால், பழைய படிவத்தின்மீது பல நாள் உழைப்பு வீணாகும்.

இவ்விழப்பைச் சிறியதென ஒதுக்க இயலாது. முன்கூட்டியே விலை பேசப்படும் தொழிலில், பிந்தைய திருத்தங்களின் சுமை கூடத்தையே சாரும். புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’ 2013இல் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பரிசு பெற்றது. அதில் முதன்மைப் பங்காற்றிய, மும்பையிலும் கிளை கொண்டிருந்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், அதே மாதத்தில் திவால் மனு அளித்திருந்தது. திறமை மட்டும் ஒரு கூடத்தைக் காப்பதில்லை.

செய்ய வேண்டியவை

மென்பொருளின் விலை இன்று பெருந்தடையன்று. பிளெண்டர் என்னும் கட்டணமற்ற மென்பொருளில் லாட்விய இயக்குநர் ஒருவர் உருவாக்கிய ‘ஃப்ளோ’, 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது. சிறு கூடங்களின் செலவு முதலில் சேமிப்பகம், வலையமைப்பு, காப்புப் படிகள் ஆகியவற்றிற்கே உரியது. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேறிடத்தில் என்பது பொது விதி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதை நினைவிற்கொண்டால், சயான் போன்ற தாழ்வான பகுதியில் எல்லாப் படிகளையும் தரைத்தளத்தில் வைப்பது விவேகமன்று என்பது புலப்படும்.

அசைவூட்டம், காட்சி விளைவு முதலிய துறைகளுக்கான தேசிய மையத்தை மும்பையில் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அதன்படி உருவான இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் வளாகம் 2025 ஜூலையில் பெடர் சாலையில் திறக்கப்பட்டது. இத்தகைய நிறுவனங்கள் கருவிகளை இயக்கக் கற்பிப்பதோடு, பெயரிடுதல், எண்ணிடுதல், காப்புப் படி எடுத்தல் ஆகிய ஒழுங்கையும் கற்பிக்க வேண்டும். கடன் கோரும் கூடத்தின் கருவிப் பட்டியலைப் பார்வையிடும் அதிகாரி, சென்ற மாதத்தின் ஒரு ஷாட்டை எடுத்துக் காட்டுமாறு கேட்பது நன்று. அதனைச் சில நிமிடங்களில் காட்ட இயலும் கூடமே கடனுக்குத் தகுதியுடையது. மாணவர் தொழில் பயிலவும் ஏற்றது.