நாவல் பழம் தின்போர் உஷார்! வவ்வால் கடித்ததை வீசுங்கள்

வீரசோழன்,

ஆனி, ஆடி வந்தால் நாவல் பழ சீசன். திருச்சுழி தாலுகா வீரசோழனிலும் சரி, மதுரையிலும் சரி, கூடையைக் கண்டால் பிள்ளைகள் விடுவார்களா? உப்பைத் தூவி அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். இது ஆபத்து!

உலுக்கி எடுத்த பழத்தில் மண் இருக்கும். வவ்வால் கடித்ததும் கலந்திருக்கும். 2018-ல் கேரளாவில் 17 பேரைப் பலி வாங்கிய நிபா வைரஸ், பழந்தின்னி வவ்வால்களிடமிருந்து பரவுவது. பல் பட்ட பழத்தைக் கழுவியும் தின்னக்கூடாது. வீசிவிட வேண்டியதுதான்.

மற்றதைக் கழுவுவது எப்படி? வறண்ட பூமியாச்சே என்று ஒரே சட்டித் தண்ணீரில் மொத்தத்தையும் அலசினால், ஒன்றின் அழுக்கு மற்றதில் ஏறும். ஓட்டைத் தட்டில் கொட்டி, செம்புத் தண்ணீரை மேலே ஊற்றிக் கையால் புரட்டினால் போதும். கீழே பிடித்த தண்ணீர் செடிக்கு ஆகும். சோப்பு மட்டும் வேண்டாம், பழம் உறிஞ்சிவிடும்.

திங்கிற அளவுக்குத்தான் கழுவணும். ஈரத்தோடு எடுத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மீதியில் நசுங்கியதைப் பொறுக்கிவிட்டு, முறத்தில் பரப்பி, துணியால் மூடி நிழலில் வைக்கலாம். பிரிட்ஜில் வைத்தால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாகத் தாங்கும்.

காசு கொடுத்த பழமாச்சே என்று கடிபட்டதைத் தின்றால், ஆஸ்பத்திரிக்கு அதைவிட அதிகம் அழ வேண்டிவரும்!