மீண்டும் தூரிகை

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நீர்வண்ணம் தீட்டப் பழகிய நான், ஓய்வு பெற்ற பின்னரே தூரிகையை மீண்டும் தொட்டேன். இடையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள். கை சற்று நடுங்குகிறது. ஆயினும் என்னைத் தோற்கடித்தது கையன்று, என் அவசரமே.

நீர்வண்ணம் என்பது நிறப்பொடியை வேலம்பிசினிற் குழைத்த கலவை. அதனை நீர் மிகுத்துத் தடவினால், ஒளி அம்மெல்லிய படலத்தை ஊடுருவித் தாளிற் பட்டு மீள்கிறது. ஆதலின் இவ்வகை ஓவியத்தில் நாம் காணும் வெண்மை பெரும்பாலும் பூசப்பட்டதன்று. தீட்டாது விடப்பட்ட தாளே. இருண்டுவிட்ட இடத்தை மீண்டும் வெளுக்கச் செய்தல் அரிது. முதற்பூச்சு உலருமுன் அடுத்ததை வைத்தாலோ, இரண்டும் கலந்து சேறாகும். எத்தனை தாள்களை அவ்வாறு பாழாக்கினேன்! வகுப்பறையில் பொறுமையைப் போதித்தவனும் நான்தான்.

பிரெஞ்சு ஓவியர் செசான் (1839-1906) முதிய பருவத்தில், தம் ஊருக்கருகிலுள்ள சேந்த் விக்துவார் மலையை நீர்வண்ணத்திற் பலமுறை தீட்டினார். அவற்றுட் பலவற்றில் தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கும். அச்சிட்ட படி ஒன்றை இளமையிற் கண்டு, முற்றுப்பெறாத படம் என்றே கருதினேன். சென்ற வாரம் எங்கள் ஊர் ஏரியை வரைந்தபோது, நீர்ப்பரப்பைத் தீட்டாமலே விட்டேன். "தண்ணீருக்கு என்ன வண்ணம் போட்டீர்கள், தாத்தா?" என்றான் பேரன். கரையோரப் பனைகள் இரண்டு மட்டும் வழக்கம்போற் கலங்கிவிட்டன.