வீணைக்காரர் எடுத்த பாட்டில்லாப் படம்

துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் சுருண்டு விழுந்து சாகிறார். படம் தொடங்கி இன்னும் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் கதாநாயகன் போய்விட்டார்.

1954 ஏப்ரலில் 'அந்த நாள்' படத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் எப்படி விழித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். 'பராசக்தி' வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. நீதிமன்றக் காட்சியில் சிவாஜி பேசிய வசனத்தை ஊரே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த மனிதரை முதல் காட்சியிலேயே பிணமாக்கிவிட்டார்கள். சரி, பாட்டாவது வரும் என்று காத்திருந்தால் அதுவும் இல்லை. நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. ஒரு படத்தில் நாற்பது, ஐம்பது பாட்டுகளைக் கேட்டுப் பழகிய தலைமுறைக்கு ஒரு பாட்டுகூட இல்லாத தமிழ்ப் படம்.

சென்ற ஆண்டு இதை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டபோது முக்கால் மணி நேரம் பொறுமையாக இருந்த என் மாமியார், "ஏன்யா, இதுல பாட்டே கெடையாதா?" என்று கேட்டார். எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமல் அவரால் அடுப்படிக்குப் போக முடியவில்லை.

'ஃபிலிம் நுவார்' என்று சினிமா படிப்பவர்கள் சொல்லும் வகை இது. 1940-களில் ஹாலிவுட்டில் வந்த இருண்ட குற்றக் கதைகளைப் பார்த்துவிட்டு, 1946-ல் நினோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் இப்படிப் பெயர் சூட்டினார். நுவார் என்றால் கறுப்பு. வெளிச்சத்தைவிட நிழல் அதிகம், நல்லவனும் முழுக்க நல்லவன் இல்லை, முடிவில் யாருக்கும் நிம்மதி கிடையாது. தமிழில் அந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டது 'அந்த நாள்'தான் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த ஆட்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவர்கள் கதை படத்தைவிடச் சுவையாகப் படுகிறது.

பாட்டே வேண்டாம் என்று முடிவெடுத்த இயக்குநர் யார் தெரியுமா? வீணை எஸ். பாலசந்தர். பின்னாளில் பத்மபூஷண் பெற்ற அதே வீணை மேதை! குருவிடம் முறையாக உட்கார்ந்து கற்காமல் தானாகவே வீணை பழகியவர். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் சின்னப் பையனாக இராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தார். அதே படத்தில் அவருடைய அண்ணன் எஸ். ராஜம் இராமர், அக்காள் ஜெயலட்சுமி சீதை, அப்பா சுந்தரம் ஐயர் ஜனகர். ஒரு குடும்பமே படத்தில் இருந்தது. அப்படி இசையிலேயே ஊறி வளர்ந்தவருக்குத்தான் கதையின் நடுவே பாட்டு வந்து குறுக்கே நிற்பது பிடிக்கவில்லை. இசை தெரியாதவர் பாட்டை வெட்டியிருந்தால் வியப்பில்லை.

அவரை உசுப்பிவிட்டது குரோசாவாவின் 'ரஷோமான்'. ஒரே சாவை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் ஜப்பானியப் படம். 1951-ல் வெனிஸ் விழாவில் முதல் பரிசு வாங்கியது. அதைப் பார்த்தவர் அந்த உத்தியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்கு அனுப்பினார். வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். பிறகுதான் அந்தக் கதை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போனது. திருப்பப்பட்ட அந்த நாடகத்திலிருந்து பிறந்த படத்தின் நாயகன் ஒரு வானொலிப் பொறியாளர் என்பதும், அவன் கண்டுபிடித்ததை யாரும் மதிக்கவில்லை என்பதால்தான் அவன் கெட்டுப்போகிறான் என்பதும் தற்செயலா, பாலசந்தரின் குறும்பா? எனக்குக் குறும்பு என்றே தோன்றுகிறது.

மெய்யப்பர் வியாபாரி. பாட்டுத் தட்டு விற்பதிலிருந்து தொழிலுக்கு வந்தவர். பாட்டு இல்லாத படம் என்றால் தட்டு விற்பனையும் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தே பணம் போட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் நாயகனாக நடித்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த என். விஸ்வநாதன். படம் நிறைய வளர்ந்த பிறகு போட்டுப் பார்த்த செட்டியாருக்குத் திருப்தி இல்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டு, சிவாஜியை வைத்து மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டார். இயக்குநருக்கு அது எளிதாக விழுங்கக்கூடிய கவளமாக இருந்திருக்காது. ஆனால் இன்று அந்த முகத்தைத் தவிர வேறு முகத்தை ராஜனாக என்னால் நினைக்க முடியவில்லை. செட்டியார் கணக்கு சரிதான். விஸ்வநாதனும் காணாமல் போய்விடவில்லை. 1962-ல் சத்யஜித் ராயின் 'காஞ்சன்ஜங்கா'வில் நடித்தார். 'மூன்று முடிச்சு' பார்த்தவர்களுக்கு ஸ்ரீதேவி மணக்கும் நடுத்தர வயதுக்காரராக அவரைத் தெரியும்.

வசனம் எழுதியவர் ஜாவர் சீதாராமன். அந்த 'ஜாவர்' ஊர்ப் பெயரோ குடும்பப் பெயரோ இல்லை. விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவி 1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் ஜாவர் என்ற கண்டிப்பான போலீஸ்காரராக நடித்தார். வேடத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் பானர்மேன் துரையாக வந்து தூக்குத் தண்டனை விதிப்பாரே, அவரேதான். 'அந்த நாள்' படத்தில் எழுதியதோடு நிற்காமல், துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். எல்லாரையும் கேள்வி கேட்கும் ஆளே அந்தக் கேள்விகளை எழுதியவராகவும் இருப்பதால்தானோ என்னவோ, விசாரணைக் காட்சிகளில் ஒரு சொல் மிகையாக இல்லை. அந்தக் காலத்து அடுக்குமொழி வசனத்துக்கு நடுவே இதைக் கேட்டால் காதுக்கு ஓய்வு கிடைத்த மாதிரி இருக்கிறது.

ஒளிப்பதிவு மாருதி ராவ். 'பராசக்தி'க்கும் அவர்தான். அங்கே வசனத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற கேமரா இங்கே தானே கதை சொல்கிறது. பாதி முகம் வெளிச்சத்தில், பாதி முகம் இருட்டில். எந்தப் பாதியை நம்புவது என்று நமக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை (பி.டி. சம்பந்தம்), தம்பி பட்டாபி (டி.கே. பாலசந்திரன்), தம்பி மனைவி ஹேமா, நடனக்காரி அம்புஜம் என்று ஒவ்வொருவரும் வாக்குமூலம் கொடுக்கிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுகிறார்கள். ஒவ்வொருவர் கதையிலும் செத்துப்போன ராஜன் வேறு ஆளாக உயிரோடு வருகிறான். இவர்களுக்கு நடுவே உள்ளூர் இன்ஸ்பெக்டர் நாயுடு வந்து கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கிறார்.

எழுபது வருடத்துக்கு முந்திய படம் என்பதால் முடிவைச் சொன்னால் வாசகர்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ராஜன் ஜப்பானுக்கு உளவு சொல்பவன். தன் அறிவைத் தன் நாடு மதிக்கவில்லை என்ற வெறுப்பில் எதிரிக்கு வானொலியில் தகவல் அனுப்புகிறான். அதைக் கண்டுபிடிக்கும் மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கிதான் அவனை முடிக்கிறது. உஷாவாக பண்டரிபாய். அன்பு, அதிர்ச்சி, நாட்டுப் பற்று மூன்றும் ஒரே நேரத்தில் இழுக்கிற பெண். சத்தம் போடாமல் செய்திருக்கிறார். இதே பண்டரிபாய்தான் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி. 'தெய்வ மகன்' வரும்போது ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிக்குத் தாய். 'மன்னன்' படத்தில் ரஜினி தோளில் தூக்கிச் செல்லும் அம்மா என்றால் இளைய வாசகர்களுக்கும் புரியும். ஐம்பது ஆண்டு காலம் தமிழ்ப் படங்களில் அம்மாவாகவும் மனைவியாகவும் அழுதவர், தம் இளமையில் கணவனுக்கு நேரே துப்பாக்கி நீட்டியிருக்கிறார்.

சிவாஜியையும் சொல்ல வேண்டும். ஏறுமுகத்தில் இருக்கும் நடிகர் தேசத் துரோகியாக நடிக்கச் சம்மதிப்பது சாதாரணமா? அதற்கு முந்தைய ஆண்டு 'திரும்பிப் பார்' படத்திலும் அவர் கெட்டவன்தான். ஆனால் ராஜன் அப்படிப்பட்ட சினிமா வில்லன் இல்லை. படித்தவன், புத்திசாலி, பேச்சில் இனிமை. துரோகத்துக்கு அவன் சொல்லும் காரணத்தைக் கேட்கும்போது பாதி நியாயம் இருக்கிறதே என்று நமக்கே தோன்றிவிடுகிறது. அந்த இடத்தில்தான் இந்தப் படம் என்னைப் பிடித்துக்கொண்டது.

கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில். சென்னைக்காரர்களுக்கு ஜப்பான் என்பது வானத்திலிருந்து வரும் பயம். அவர்களுக்கு இந்தக் கதையில் குழப்பமே இல்லை: ஜப்பான் எதிரி, அவனுக்கு உதவுபவன் துரோகி. மலாயாவில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களால் அவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியவில்லை.

அந்த அக்டோபரில் இங்கே என்ன நடந்தது? 21-ஆம் தேதி சிங்கப்பூர் கத்தே கட்டடத்தில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். ஜப்பான் துணையோடுதான். அதற்குச் சுமார் ஆறு வாரம் முன்பு, செப்டம்பர் 10-ஆம் தேதி, சென்னைச் சிறையில் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். வக்கம் அப்துல் காதர், ஆனந்தன், சத்யேந்திர சந்திர பர்தான், பௌஜா சிங். பினாங்கில் சுவராஜ் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி பெற்று, இரகசியத் தகவல் திரட்ட ஜப்பானியரால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். காதருக்கு 26 வயது. வெள்ளைக்கார அரசு அவர்களை எதிரியின் ஒற்றர்கள் என்றது. இன்று அவர்கள் தியாகிகள்.

பாலசந்தரும் ஜாவரும் இவர்களை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ராஜனுக்கும் அந்த இளைஞர்களுக்கும் ஒப்பும் இல்லை. அவன் தன் வஞ்சத்துக்காகப் போனான், அவர்கள் நாட்டுக்காகப் போனார்கள். ஆனால் படம் ஒன்றை மட்டும் தொடாமல் நழுவுகிறது. 1943-ல் ராஜன் காட்டிக்கொடுத்த அரசாங்கம் யாருடையது? வெள்ளைக்காரனுடையது. உஷா 'நாடு' என்று சொல்லும்போது அந்த நாடு இன்னும் அவள் கைக்கு வரவில்லை. சுதந்திரம் வந்து ஏழாவது வருடத்தில் எடுத்த படம். அந்தக் கேள்வியைக் கேட்க அப்போது யாருக்கும் மனம் வரவில்லைபோலும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டுச் சுவரில் நேதாஜி படம் மாலையோடு தொங்கும். அந்த வீட்டுப் பெரியவர் இந்திய தேசிய இராணுவத்தில் அணிவகுத்தவர். அதே லயத்தில் மூன்று வீடு தள்ளி ஒரு பாட்டி. அவருடைய தம்பியை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. அந்தப் பாட்டியிடம் ஜப்பான் என்ற சொல்லையே எடுக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். 'அந்த நாள்' படத்தை இவர்கள் இருவர் பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்திருந்தால், படம் முடிந்ததும் யார் முகத்தை நான் முதலில் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

படம் வந்த புதிதில் ஓடவில்லை. பாட்டு எங்கே என்று சனம் கேட்டது. பிறகு தேசிய விருதுகளில் அந்த ஆண்டின் இரண்டாவது சிறந்த தமிழ்ப் படம் என்று தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. முதல் இடம் எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்'. விருதுக்குப் பின் மறுபடி திரையிட்டபோதுதான் கூட்டம் வந்தது.

பாலசந்தர் அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' என்று மர்மப் படங்களாகவே எடுத்தார். 'நடு இரவில்' 1970-ல் வந்தது, அதோடு சினிமாவை விட்டு முழுக்க வீணைக்குப் போய்விட்டார். 1990 ஏப்ரலில் பிலாய் நகரில் காலமானார்.

'பொம்மை' கிடைத்தால் பாருங்கள். ஜேசுதாஸ் தமிழில் பாடத் தொடங்கியது அந்தப் படத்தில்தான். ஆமாம், இந்த முறை பாட்டு உண்டு. படம் முடிந்ததும் சட்டென்று எழுந்துவிடாதீர்கள். பெயர்களை எழுத்தில் ஓட்டாமல், பாலசந்தரே திரையில் தோன்றி, நடித்தவர்களையும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் ஒவ்வொருவராக நமக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்.