டிப்ஸ் பங்கீடும் சிப்பந்திகளின் உரிமையும்

பிழைப்பை நாடி நம்மவர் குடியேறிய நகரங்களிலெல்லாம் ஓட்டல் தொழிலில் ஈடுபட்டோர் பலர். சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டிற்கும் போக, ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்ப அவர்களுக்குக் கைகொடுப்பது வாடிக்கையாளர் மனமுவந்து அளிக்கும் டிப்ஸே. ஆதலின், "நாளை முதல் பங்கீடு மாறும், மானேஜருக்கும் ஒரு பங்கு உண்டு" என்று முதலாளி திடீரென அறிவிப்பாராயின், அது அற்ப விஷயமன்று. அந்நிலையில் சிப்பந்திகள் செய்யத்தக்கது யாது?

முதற்கண், அப்பணம் யாருடையது என்பதை அறிதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டில், ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதனை ஆராய்ந்தது. பில்லுடன் சேர்த்து வாடிக்கையாளர் தரும் டிப்ஸை ஓட்டல் பெற்றுப் பிரித்தளிக்கையில், அது தருமகர்த்தாவின் நிலையிலேயே நிற்கிறது. அத்தொகை முதலாளி தரும் சம்பளமன்று என்பது தீர்ப்பின் சாரம். வரி வழக்கேயாயினும், பிறர் பொருளைக் காப்பவர் அதனைத் தம் கல்லாவில் சேர்த்தலாகாது என்னும் நியாயம் இதனின்று பெறப்படும்.

டிப்ஸை இன்ன விகிதத்தில்தான் பங்கிடவேண்டும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆயினும் நிலைபெற்ற வழக்கத்திற்குப் பாதுகாப்பு உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்து 9-ஏ பிரிவில் இருந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 40-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சம்பளம், படிகள், வேலை நேரம் போன்றவற்றை மாற்ற விரும்பும் முதலாளி, தொழிலாளருக்கு நோட்டீஸ் கொடுத்து 21 நாட்கள் பொறுத்தல் வேண்டும். வழக்கமான சலுகையை நீக்குதலும் நடைமுறையை மாற்றுதலும் அப்பட்டியலில் அடங்கும். நெடுநாளைய பங்கீடும் அத்தகைய வழக்கமே என்று சிப்பந்திகள் வாதாட இடமுண்டு.

வாதாடுவதற்குச் சான்று வேண்டுமன்றோ? எழுத்தில் இல்லாதது நில்லாது என்பது ரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் நாள்தோறும் காணும் உண்மை. அன்றாடம் சேர்ந்த தொகை, பங்கிட்ட முறை, பெற்றவர் யார் என்பவற்றை ஒரு நோட்டில் தேதியிட்டுக் குறித்து வருக. மாற்றத்தை எழுத்தில் தருமாறு கேட்க. தனித்துச் செல்லாது, சங்கத்தின் மூலமோ பலர் ஒப்பமிட்டோ ஆட்சேபம் தெரிவித்து, நகல் வைத்துக்கொள்க. இணங்காவிடின், தொழிலாளர் இலாகாவின் சமரச அதிகாரியை அணுகலாம்.

மாற்றமனைத்தும் தீங்கென்று நாம் கூறவில்லை. அடுப்பருகில் வெந்து உழைப்பவருக்கும் பாத்திரம் துலக்குபவருக்கும் பங்கு கிடைப்பது நியாயமே. ஆனால் அதனை உழைப்பவரைக் கலந்து செய்தலே முறை. இதனைப் படிக்கும் அன்பர்கள், ஓட்டலில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுவார்களாக.