காய்ந்த கிளையில் ஒரு தொட்டில்



காய்ந்துபோன கிளையொன்றைக் கண்டால் நாம் என்ன செய்கின்றோம்? 'இனி இதனால் பயனில்லை' என்று வெட்டி அடுப்பில் இடுகின்றோம். ஆனால் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டல வனங்களில், அத்தகைய கிளையே ஒரு சிற்றுயிருக்குத் தொட்டிலாக அமைகின்றது. மரங்களில் வாழும் புலி வண்டே அவ்வுயிர்.

இவ்வண்டுகளின் பேரினத்துக்கு 1821ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் கிளூக் 'டெனோஸ்டோமா' எனப் பெயர் சூட்டினார். மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்டீனா வரை இதன் நூற்றுக்கும் அதிகமான இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஏனைய புலி வண்டுகள் பல, மணற்பரப்பிலும் ஆற்றங்கரையிலும் விரைந்தோடி, ஆபத்து நேர்ந்ததும் சிறகு விரித்துப் பறந்துவிடும். இவற்றுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. இவற்றால் பறக்க இயலாது. நீண்ட கால்களும் ஒடுங்கிய இடையும் கொண்ட இவை, பார்ப்பவர் கண்ணுக்கு எறும்பாகவே தோன்றும். சுள்ளிகளிலும் கொடிகளிலும் ஓடித்திரிந்து, சிறு பூச்சிகளைக் கூரிய தாடைகளால் பற்றி உண்ணும்.

இவற்றின் குடம்பிகளோ ஓடுவதில்லை, காத்திருக்கின்றன. பட்டுப்போன கிளையிலுள்ள சிறு துளையே அவற்றின் இல்லம். தட்டையான தலையால் வாயிலை அடைத்து, முதுகிலுள்ள கொக்கிகளால் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, அருகே வரும் இரையை நொடிப்பொழுதில் கவ்வுகின்றன. நாம் 'இறந்தது' எனக் கழித்துவிட்ட மரத்துண்டிலே இத்துணை உயிர்த்துடிப்பு!

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். இவ்வண்டுகள் பல வாழும் பிரேசிலின் அத்திலாந்திக் கரையோர வனத்தின் பெரும்பகுதி, விளைநிலங்களுக்காகவும் நகரங்களுக்காகவும் அழிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியவை துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. பறவை அடுத்த காட்டுக்குப் பறந்து செல்லலாம். சிறகற்ற வண்டு வெட்டவெளியைக் கடந்து எங்கே செல்லும்? மரம் வீழும்போது அதன் உலகமும் உடன் வீழ்கின்றது.

இது தொலைதூர நாட்டுக் கதை மட்டுமன்று. நம் இலங்கை வனங்களிலும் ட்ரைகொண்டைலா, டெரோகிரேனியா ஆகிய பேரினங்களைச் சேர்ந்த, பறக்கவியலாப் புலி வண்டுகள் மரங்களில் வாழ்கின்றன. அவற்றுக்கும் புகலிடம் மரமே.

பயனற்றது எது என்பதைத் தீர்மானிக்க நாம் எத்துணை அவசரப்படுகின்றோம்! வளவைத் துப்புரவாக்கும்போது பட்டுப்போன கிளையொன்று உங்கள் கண்ணிற் படுமாயின், ஒரு கணம் தரித்து நில்லுங்கள். அதனுள்ளே குடியிருப்பவர் யாரென்று உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து உற்றுப் பாருங்கள். அதன்பின் கத்தியை எடுப்பதா, வைப்பதா என முடிவுசெய்யுங்கள்.