பதினாறு முழம்

கெய்ரோவில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறக்குறைய 25 மில்லிமீட்டர்தான். ஐப்பசியில் நமக்கு ஒரே மாலையில் கொட்டிவிடும் மழை அது. தெற்கே அஸ்வானில் அதுவும் கிடையாது. ஆனாலும் அந்த நாட்டில், வெயில் கொளுத்தும் ஜூன் கடைசியில், ஆறு உயரத் தொடங்கும். ஆகஸ்டில் கரை தாண்டி வயல்களில் ஏறும். செப்டம்பரில் மேடான இடங்களில் இருந்த ஊர்கள் தண்ணீருக்கு நடுவே திட்டுத்திட்டாக நிற்கும். பிறகு வெள்ளம் வடிந்து, கறுத்த வண்டலை வயலில் பரப்பிவிட்டுப் போகும். உழவர்கள் அந்த ஈரத்திலேயே விதைத்துவிடுவார்கள். இருபதாம் நூற்றாண்டில் அணை குறுக்கே நிற்கும்வரை, சில ஆயிரம் ஆண்டுகளாக இதுதான் எகிப்தின் வழக்கம்.

வானத்தில் மேகமே இல்லாதபோது ஆற்றில் வெள்ளம் எப்படி வரும்? கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ் இதைப் பலரிடம் கேட்டுப் பார்த்தார். வடக்கிலிருந்து வீசும் கோடைக்காற்று ஆற்றைக் கடலில் கலக்கவிடாமல் தடுக்கிறது என்றது ஒரு கட்சி. பூமியைச் சுற்றியுள்ள பெருங்கடலிலிருந்தே நைல் வருகிறது என்றது இன்னொன்று. தெற்கே மலைகளில் பனி உருகுகிறது என்றது மூன்றாவது. ஹெரோடோட்டஸ் மூன்றையும் தள்ளிவிட்டார். தெற்கே போகப்போக வெப்பம் கூடுகிறதே, அங்கே பனி எங்கிருந்து வரும் என்ற அவருடைய கேள்வி நியாயமானதுதான். ஆனால் சூரியன் குளிர்காலத்தில் ஆற்று நீரை உறிஞ்சிவிடுகிறது என்று அவர் சொன்ன விடையும் அவற்றைவிட மேலானதல்ல.

உண்மையான காரணம் எத்தியோப்பியாவின் உயர்ந்த மலைநாட்டில் இருந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்று அந்த மலைகளில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அந்த நீர் நீல நைலிலும் அத்பாராவிலும் இறங்கிப் பாலைவனத்தைக் கடந்து எகிப்தை அடைகிறது. ஆண்டு முழுவதும் நிதானமாக ஓடுவது விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து வரும் வெள்ளை நைல். ஆனால் அதன் நீரில் பாதியளவு தெற்கு சூடானின் சுத் சதுப்புநிலத்தில் பரவி ஆவியாகிவிடுகிறது. வெள்ளமும் வண்டலும் எத்தியோப்பியாவின் கொடை. அந்த மலைகள் பழைய எரிமலைப் பாறையால் ஆனவை. அது கரைந்து வந்ததால்தான் வண்டல் அவ்வளவு கறுப்பு, அவ்வளவு செழிப்பு.

தஞ்சாவூரில் தூறல்கூட இல்லாத ஆடியில் காவிரி பெருகி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிர் ஏதும் இராது. குடகில் பெய்த மழை அது என்று நமக்குத் தெரியும். எகிப்தியருக்கோ தங்கள் ஆற்றின் குடகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பாலைக்கும் பாறை அருவிகளுக்கும் அப்பால் இருந்தது.

காரணம் தெரியாவிட்டாலும் நேரத்தைக் கணித்துவைத்தார்கள். சிரியஸ் விண்மீன் சுமார் 70 நாள் சூரிய ஒளியில் மறைந்திருந்து, ஒரு விடியற்காலையில் கீழ்வானில் மீண்டும் தெரியும். பழங்காலத்தில் அது ஜூலை நடுவில், ஏறக்குறைய வெள்ளம் தொடங்கும் சமயத்தில் நிகழ்ந்தது. வெள்ளம், விதைப்பு, அறுவடை என்று ஆண்டுக்கு மூன்று பருவம். பருவத்துக்கு நான்கு மாதம். மாதத்துக்கு 30 நாள். கடைசியில் ஐந்து நாள் கூடுதல். மொத்தம் 365. கால் நாள் விடுபட்டதால் நாட்காட்டி நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவிக்கொண்டே போனது. கி.மு. 238-ல் மூன்றாம் தாலமி காலத்தில் நான்காண்டுக்கு ஒரு மிகைநாள் சேர்க்கச் சொல்லி ஆணை பிறந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. ரோமப் பேரரசன் அகஸ்டஸ் வந்துதான் அதை நடைமுறைக்குக் கொண்டுவர முடிந்தது.

வெள்ளம் எப்போது வரும் என்பதைவிட எவ்வளவு வரும் என்பதுதான் உயிர்ப்பிரச்சினை. அதற்காக ஆற்றங்கரைக் கோயில்களில் படிக்கட்டுகளை அமைத்து, சுவரில் முழக்கணக்கில் கோடு போட்டு வைத்தார்கள். அஸ்வானுக்கு எதிரே எலிபன்டைன் தீவில் அப்படி ஒன்றை இன்றும் பார்க்கலாம். ரோமானியரான பிளினி எழுதிவைத்த கணக்குப்படி, 12 முழம் உயர்ந்தால் பட்டினி, 16 முழம் உயர்ந்தால் கொண்டாட்டம். வாட்டிகனில் நைல் ஆற்றை ஒரு சாய்ந்த கிழவராகச் செதுக்கிய ரோமானியச் சிலை இருக்கிறது. அவர் மேல் ஏறி விளையாடும் குழந்தைகள் மொத்தம் 16.

இந்த அளவுகோல்களில் சிறந்தது கெய்ரோவின் ரோடா தீவில் உள்ளது. அப்பாசியக் கலீஃபா அல்-முத்தவக்கில் ஆணைப்படி 861-ல் கட்டியது. கல்லால் கட்டிய ஆழமான கிணறு, உள்ளே இறங்கப் படிகள், நடுவில் முழக்கோடுகள் பொறித்த எண்பட்டைப் பளிங்குத் தூண். மூன்று சுரங்க வாய்கள் வழியாக ஆற்று நீர் உள்ளே வரும். ஆற்றின் அலையும் சுழிப்பும் உள்ளே எட்டாததால், நீர் அசையாமல் நின்று சரியான மட்டத்தைக் காட்டும். வெள்ளக் காலத்தில் தினமும் அளவெடுத்து, நீர் எத்தனை விரற்கடை ஏறியது என்று தெருத்தெருவாகக் கூவிச் சொன்னார்கள். 16 முழம் தொட்டதும் நகரக் கால்வாயின் மண்கரையை வெட்டிவிட்டு விழா எடுத்தார்கள். நிலவரி வசூலும் அந்த அளவை ஒட்டித்தான். அரசின் கருவூலமே ஒரு தூணைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றால் மிகையில்லை. பிரமிடு பார்க்கப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது ரோடாவுக்கும் போகலாம் என்பது என் கட்சி.

ஏனென்றால் அந்தத் தூணும் அதற்கு முந்தைய அளவுகோல்களும் தந்த எண்கள் வீணாகவில்லை. அரபு வரலாற்றாசிரியர்கள் ஆண்டுதோறும் உச்ச மட்டத்தையும் தாழ்ந்த மட்டத்தையும் குறித்துவைத்தார்கள். அந்தப் பட்டியல் 622-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இடையிடையே விடுபட்டும் குழம்பியும் இருந்தாலும், ஓர் ஆற்றைப் பற்றி இவ்வளவு நீண்ட வரிசையில் எழுதிய கணக்கு உலகில் வேறெங்கும் இல்லை.

1906-ல் ஹெரால்டு எட்வின் ஹர்ஸ்ட் என்ற இளம் ஆங்கிலேயர் கெய்ரோவுக்கு வேலைக்கு வந்தார். வந்தவர் அறுபது ஆண்டுக்கு மேல் நைலோடு கட்டுண்டு கிடந்தார். அவர் முன் இருந்த கேள்வி எளிமையானது. நல்ல ஆண்டுகளின் மிச்சத்தைச் சேமித்து, மோசமான ஆண்டுகளின் பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டும். அதற்கு நீர்த்தேக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஓர் ஆண்டு வெள்ளத்துக்கும் அடுத்த ஆண்டு வெள்ளத்துக்கும் தொடர்பில்லை, எல்லாம் நாணயம் சுண்டுவது போலத்தான் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். பூவும் தலையும் மாறிமாறி விழுந்து கூடுதலும் குறைவும் பெரும்பாலும் தம்மைத்தாமே சரிக்கட்டிக்கொள்ளும். 25 ஆண்டுக்குப் பதில் அதைப்போல் நான்கு மடங்கான 100 ஆண்டுக்குத் திட்டமிட்டால், நீர்த்தேக்கம் இரண்டு மடங்கானால் போதும். ஹர்ஸ்ட் உண்மையிலேயே நாணயங்களைச் சுண்டிப் பார்த்து இதைச் சோதித்தவர். ஆனால் நைலின் கணக்கில் அது பொருந்தவில்லை. இரண்டு மடங்கு போதாது, ஏறக்குறைய 2.7 மடங்கு வேண்டும் என்றது பட்டியல். நல்ல ஆண்டுகள் கூட்டமாக வந்தன. கெட்ட ஆண்டுகளும் கூட்டமாகவே வந்தன. பதினோராம் நூற்றாண்டில் கலீஃபா அல்-முஸ்தன்சிர் காலத்தில் 1065 முதல் ஏழு ஆண்டு நீண்ட பஞ்சம் போல.

ஹர்ஸ்ட் அதோடு நிற்கவில்லை. பிற ஆறுகள், மழைப் பதிவுகள், மரங்களின் ஆண்டு வளையங்கள், ஏரிச்சேற்றின் அடுக்குகள் என்று தேடிப்பிடித்துக் கணக்கிட்டார். எல்லாவற்றிலும் அதே பிடிவாதம். 1951-ல் கட்டுரையாக வெளியிட்டார். 1960களில் கணிதமேதை பெனுவா மாண்டல்புரோ இதை எடுத்துக்கொண்டு யோசேப்பு விளைவு என்று பெயர் வைத்தார். விவிலியத்தில் யோசேப்பு பொருள் சொன்ன பாரோவின் கனவில் வந்த ஏழு கொழுத்த பசுக்களும் ஏழு மெலிந்த பசுக்களும்தான் காரணம். இன்று பங்குச்சந்தை விலை, இணையப் போக்குவரத்து, இதயத்துடிப்பு ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தை ஆராய்பவர்களும் ஹர்ஸ்ட் பெயரால் ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணின் பூர்வீகம், வரி வசூலுக்காக யாரோ பார்த்துச் சொன்ன நீர்மட்டம்.

இந்தக் கொத்துக்கொத்தான போக்குக்குக் காரணம் என்ன என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு. வெள்ளத்தைத் தனித்தனி ஆண்டுகளில் கீழே இழுக்கும் சில காரணங்கள் மட்டும் தெளிவாகிவிட்டன. 1783-ல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு பல மாதம் கக்கிய கந்தகப் புகை வட அரைக்கோளத்தைக் குளிர்வித்து, ஆப்பிரிக்கப் பருவமழையைத் தளர்த்தியது. நைல் தாழ்ந்து பஞ்சம் வந்தது. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் எத்தியோப்பிய மழையும் நம் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்தே குறைவதுண்டு. 1877 அப்படிப்பட்ட ஆண்டு. எகிப்தில் லட்சக்கணக்கான ஏக்கரில் வெள்ளம் ஏறாமல் நிலம் தரிசாகக் கிடந்தபோது, சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது.

ஹர்ஸ்டின் கணக்கு ஒரு நூற்றாண்டின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் அளவுக்கு நீரைச் சேமிக்கச் சொன்னது. எங்கே என்பதில்தான் வம்பு. குளிர்ச்சியான, ஆவியாதல் குறைந்த, ஆற்றின் மேல்பக்க ஏரிகளில் சேமிக்கலாம் என்றார் அவர். நீரியல்படி அது புத்திசாலித்தனம். ஆனால் தன் உயிர்நீரின் சாவியைப் பிற நாடுகளிடம் கொடுக்க எந்த அரசு சம்மதிக்கும்? 1952 புரட்சிக்குப் பின் வந்த எகிப்திய அரசு அஸ்வானிலேயே உயர் அணை கட்டத் தீர்மானித்தது. 1960-ல் வேலை தொடங்கி 1970-ல் முடிந்தது. பின்னால் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு நாசர் ஏரி விரிந்தது. ஆண்டுதோறும் அந்தப் பாலைவன வெயிலில் ஏறக்குறைய 1,000 கோடி கனமீட்டர் நீர் ஆவியாகிப் போகிறது. வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட, வயல்கள் செயற்கை உரத்துக்கு மாறின. கடலோரக் கழிமுகம் அரிக்கப்படுகிறது. ரோடா தூணுக்கும் வேலை போய்விட்டது; சுரங்க வாய்களை அடைத்துவிட்டார்கள்.

அணைக்கான சோதனை விரைவிலேயே வந்தது. 1979 முதல் எத்தியோப்பிய மழை தொடர்ந்து பொய்த்தது, கெட்ட ஆண்டுகள் மறுபடியும் கூட்டமாக. 1984-ல் எத்தியோப்பியாவில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். எகிப்தில் பயிர் வாடவில்லை. நாசர் ஏரியில் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவழித்தார்கள். 1988 ஜூலையில் ஏரி மட்டம் கடலுக்கு மேல் சுமார் 150 மீட்டருக்கு இறங்கியது. இன்னும் சில மீட்டர் இறங்கினால் மின்நிலையத்தின் சுழலிகளை நிறுத்த வேண்டியதுதான். ஆகஸ்டில் எத்தியோப்பிய மலைகளில் பெருமழை பிடித்துக்கொண்டது. கார்ட்டூம் நகரம் வெள்ளத்தில் மிதந்தது, அஸ்வானில் ஏரி மறுபடி ஏறத் தொடங்கியது.