நோய்க்குப் பின் ஒரு நதி

சிகிச்சை நிறைவுற்றதும் நோய் அகன்றது என மகிழ்கிறோம். ஆனால், புற்றுநோயிலிருந்து மீண்ட இளைஞருக்குத் தம் உடல்மீதான நம்பிக்கை அன்றே திரும்பிவிடுவதில்லை.

அந்நம்பிக்கையை மீட்டெடுக்கவே, கயாக் படகு வீரர் பிராட் லடன் 2001இல் அமெரிக்காவில் ‘ஃபர்ஸ்ட் டிசென்ட்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். இளம் வயதினர் அங்கே கட்டணமின்றிப் படகோட்டவும் பாறையேறவும் கற்கின்றனர். செல்லப்பெயர்களாலேயே ஒருவரையொருவர் அழைக்கின்றனர். மருத்துவமனைக் கோப்பிலுள்ள பெயர் கரையிலேயே தங்கிவிடுகிறது. ஊசிக்குக் கைநீட்டிக் காத்திருந்தவர், நீரோட்டத்தில் துடுப்பைத் தாமே வலிக்கிறார். ஒத்த வயதினர் அருகிருக்க, வீட்டில் சொல்லாத அச்சங்களும் பேச்சாகின்றன.

நம் இல்லங்களிலும் இத்தகைய இளைஞர் உண்டு. ‘ஓய்வெடு’ என்று மட்டும் சொல்லாமல், மருத்துவரின் ஒப்புதலோடு ஒரு மலைப்பாதையில் அவர்களுடன் நாமும் நடப்போம்.